வீடு வாங்குவோர் முதலில் உறுதியை வாசிக்க வேண்டும்

ஒரு சாதாரண குடும்பம் தனது வாழ்நாளில் மேற்கொள்ளும் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கல் வீடு வாங்குவதுதான். மத்திய கிழக்கு நாடொன்றில் பத்து, பதினைந்து வருடங்கள் உழைத்துச் சேர்த்த பணம், ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழும் சகோதரர் அனுப்பி வைத்த பணம், ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த தொகை, மனைவியின் நகைகளை விற்ற காசு எனப் பல வழிகளில் திரட்டப்பட்ட செல்வம் ஒரே நாளில் கைமாறுகின்றது. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு முன்னர் எமது மக்கள் செய்யும் விசாரணை பெரும்பாலும் மிகக் குறைவானதாகவே உள்ளது. வீட்டைச் சென்று பார்க்கின்றார்கள். தரையில் பதித்த ஓடுகளைப் பார்க்கின்றார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கின்றார்கள். அயலவர் யாரென விசாரிக்கின்றார்கள். அதன் பின்னர் தரகரின் அவசரத்துக்கு இசைந்து முற்பணத்தைக் கொடுத்து விடுகின்றார்கள். விற்பவருக்கு அந்த வீட்டை விற்கும் உரிமை உண்டா என்ற கேள்வி, முற்பணம் கொடுத்த பின்னரே எழுகின்றது. சில வேளைகளில் அது எழுவதேயில்லை.

இவ்விடயத்தில் எமது மக்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ள தவறான எண்ணம் ஒன்றை முதலில் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால் உரிமை உறுதியாகி விட்டது எனப் பலரும் நம்புகின்றார்கள். அது சரியல்ல. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நமது காணிப் பதிவகங்கள் பதிவு செய்வது ஆவணங்களையே அன்றி, உரிமையை அல்ல. உரித்தில்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த உறுதியும் அங்கு பதியப்படலாம். 'இப்படியொரு ஆவணம் இருக்கின்றது' என்று பதிவகம் கூறுமேயன்றி, 'இவரே சொந்தக்காரர்' என்று அது உத்தரவாதம் அளிப்பதில்லை. அரசு உரித்துக்கே உத்தரவாதமளிக்கும் முறை 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தினால் கொண்டுவரப்பட்டது. 'பிம் சவிய' என அறியப்படும் இத்திட்டம் இன்னமும் நாட்டின் ஒரு பகுதிக்கே சென்றடைந்துள்ளது. ஏனைய இடங்களில் வீடு வாங்கும் ஒருவர் உண்மையில் வாங்குவது உறுதிகளின் சங்கிலி ஒன்றையே ஆகும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் சுவரும் கூரையும் அவரைக் காப்பாற்ற மாட்டா.

எனவே முற்பணத்துக்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை, தமக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்திக் காணிப் பதிவகத்தில் தேடுதல் நடத்துவதாகும். குறைந்தது முப்பது வருட கால உரித்தை வங்கிகள் வழமையாக ஆராய்கின்றன. ரொக்கமாக வாங்குவோரும் அதையே அளவுகோலாகக் கொள்வது நல்லது. விற்பவருக்கு எவ்வாறு உரிமை வந்தது, அவருக்கு எழுதிக் கொடுத்தவருக்கு எவ்வாறு வந்தது, இடையில் யாராவது ஈடு வைத்துள்ளார்களா, வழக்கேதும் பதியப்பட்டுள்ளதா என்பவை அத்தேடுதலில் தெரியவரும். பிரிவிடல் வழக்கு ஒன்று பதியப்பட்டிருக்கும் காணியில் பிரிபடாத பங்கொன்றை வழக்கு முடியுமுன் விற்பது செல்லாது என 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டம் கூறுகின்றது. விற்பவரின் சட்டத்தரணியே இருபக்கத்துக்கும் எழுதி முடிக்கட்டும், செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் பலர். அந்த மிச்சம் மிகச் சொற்பமானது. அதற்காக ஏற்கும் ஆபத்து அவ்வாறானதல்ல.

வங்கிக் கடன் பெற்று வாங்குவோர் இந்த இடத்தில் ஓரளவுக்கு அதிர்ஷ்டசாலிகள். வங்கி தன் பணத்தைப் பாதுகாக்கும் பொருட்டேனும் உறுதிகளைத் துருவிப் பார்க்கும். வங்கி கடன் தர மறுத்த காணியை, 'காசாகக் கொடுத்தால் மலிவாகத் தருவார்கள்' என்று ஒருவர் கூறுவாராயின், வங்கி ஏன் மறுத்தது என்பதை அறியாமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது.

முற்பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முத்திரை ஒட்டிய காகிதத்தில் 'வீட்டை விற்கச் சம்மதிக்கிறேன், இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையொப்பம் பெற்று வைத்திருப்பவர்கள் ஏராளம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமன்றி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படாத துண்டுக் காகிதத்தைக் கொண்டு கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே தவிர, வீட்டை எழுதித் தரும்படி விற்பவரை நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. விலையேறும் காலத்தில் கூடிய விலை தருபவர் ஒருவர் வந்துவிட்டால் விற்பவர் மனம் மாறுவது உலக இயல்பு. ஆகவே முற்பணம் சிறிதாயினும் நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதி, அதனையும் பதிவு செய்வதே பாதுகாப்பானது.

இனி, எமது சமூகங்களுக்கே உரிய சில சிக்கல்களைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வடக்கில் தேசவழமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அச்சட்டத்துக்குட்பட்ட காணியில் பங்குள்ள ஒருவர் தமது பங்கை வெளியாருக்கு விற்பதற்கு முன்னர் ஏனைய பங்காளிகளுக்கும், உரிமை வழிவரக்கூடிய நெருங்கிய உறவினருக்கும் அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அறிவித்தலின்றி வாங்கியவர், பின்னர் பங்காளி ஒருவர் தொடுக்கும் வழக்கில் காணியை விட்டுக் கொடுக்க நேரலாம். யாழ்ப்பாணத்தில் ஒரே வளவில் நான்கைந்து சகோதரரின் பங்குகள் பிரிபடாமல் கிடப்பதும், அவர்களில் இருவர் இலண்டனிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் வாழ்வதும் சாதாரணம். ஊரிலிருக்கும் ஒருவர் மட்டும் வேலி அடைத்து 'இது என் பங்கு' என்று காட்டினால் அது சட்டப்படி பிரிந்த பங்காகி விடாது. அத்துடன் தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் ஒருவர் தமது அசையாச் சொத்தை விற்பதாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. இந்த ஏற்பாடு இக்காலத்துக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம். அதை மாற்ற வேண்டும் என்பதே நமது கருத்தும் ஆகும். ஆயினும் சட்டம் உள்ளவரை வாங்குபவர் அதைக் கவனியாதிருக்க முடியாது.

முஸ்லிம் குடும்பங்களில் வேறொரு விதமான தவறு நேர்கின்றது. தந்தை காலமான பின்னர் மூத்த மகன் குடும்பத்தின் சார்பில் பேசுகின்றார். அவரே விலை பேசி, அவரே கையொப்பமும் இடுகின்றார். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம்களின் மரணசாதனமில்லா உரிமைவழிக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்து முஸ்லிம் சட்டத்தின் பங்கீட்டு முறைப்படி வாரிசுகளைச் சேருகின்றது. மனைவி, மகன்மார், மகள்மார், சில நிலைகளில் இறந்தவரின் பெற்றோர் என ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. எனவே மூத்த மகன் தனித்து எழுதிய உறுதி அவருடைய பங்கை மட்டுமே மாற்றும். 'தங்கைமார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவர், பத்து வருடத்தின் பின்னர் அத்தங்கையின் பிள்ளைகளுடன் வழக்காட வேண்டி வரலாம். வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடுகின்றனரா, அவர்களில் பராயமடையாதோர் உள்ளனரா, மரணசாதன வழக்கு நடந்து முடிந்துள்ளதா என்பவை கட்டாயம் பார்க்கப்பட வேண்டியவை.

சீதனமாகவோ நன்கொடையாகவோ வழங்கப்பட்ட வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் இரு சமூகங்களிடையேயும் நிறைய உள்ளன. அத்தகைய உறுதிகளில் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்திருப்பது வழமை. மகளிடமிருந்து வீட்டை வாங்கியவர் குடிபுகச் சென்றபோது, சீவிய உரித்துடைய தாய் வெளியேற மறுத்தால் அது அவரது உரிமையே. ஆதலால் சீவிய உரித்துடையோரும் உறுதியில் கையொப்பமிட வேண்டும். நன்கொடை கொடுத்தவர் உயிருடன் இருப்பின் அவரது சம்மதத்தையும் எழுத்தில் பெறுவது விவேகமானது.

வெளிநாட்டிலிருப்போரின் வீடுகள் பெரும்பாலும் அற்றோணித் தத்துவத்தின் மூலமே விற்கப்படுகின்றன. தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அத்துடன் அதன் வலுவும் முடிந்து விடுகின்றது. அதன் பின்னர் அதைக் கொண்டு எழுதப்பட்ட உறுதியால் பயனில்லை. தத்துவத்தில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளதா, அது பதியப்பட்டுள்ளதா, இடையில் இரத்துச் செய்யப்பட்டதா என்பவற்றைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாது, சொந்தக்காரருடன் நேரடியாகத் தொலைபேசியிலாவது கதைத்துக் கொள்ளுங்கள். முகம் பார்த்துப் பேசும் வசதி கையிலிருக்கும் இக்காலத்தில் இதைக்கூடச் செய்யாமல் கோடிக்கணக்கில் பணம் கொடுப்பவர்களை என்னவென்று சொல்வது?

யுத்தமும் இடப்பெயர்வும் விட்டுச் சென்ற பிரச்சினை இன்னும் தீரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளும், அதே ஆண்டு முதல் வலிகாமம் வடக்கிலும் பின்னர் வன்னியிலும் கிழக்கிலும் தமிழ் மக்கள் விட்டுச் சென்ற வீடுகளும் பல கைகள் மாறியுள்ளன. அவற்றுள் முறையாக விற்கப்பட்டவையும் உண்டு. நிர்ப்பந்தத்தில் அற்ப விலைக்கு எழுதப்பட்டவையும், சொந்தக்காரர் அறியாமலேயே வேறொருவரால் எழுதப்பட்டவையும் உண்டு. பத்து வருடம் தொடர்ந்து ஆட்சி செய்தால் உரிமை வந்துவிடும் என்று 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி, 'பிரகடன உறுதி' ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு விற்க வருபவர்கள் இருக்கின்றார்கள். பிரகடன உறுதி என்பது ஒருவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட வாக்குமூலம் மாத்திரமே. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத நிலையில் அது உரிமையை உண்டாக்குவதில்லை. யுத்தம் காரணமாகத் தமது உரிமையைக் கோர முடியாதிருந்தோருக்கு நிவாரணம் அளிக்கும் நோக்கில் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற்கொண்டு 2016 இல் விசேட சட்டமொன்றும் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, அயலவரின் துயரத்திலிருந்து வந்த வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா என்பதை வாங்குபவர்கள் தமது மனச்சாட்சியிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னைய சொந்தக்காரரைத் தேடிக் கண்டு விசாரிப்பது இன்று அவ்வளவு கடினமான காரியமல்ல.

அரச காணிகளைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது சுருக்கமானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை போன்ற மாவட்டங்களில் பல வீடுகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் உள்ள காணிகளிலேயே அமைந்துள்ளன. பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்து மூலமான சம்மதமின்றி அவற்றைக் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. 'பேர்மிற் காணிதான், ஆனால் எல்லாரும் வாங்குகிறார்கள்' என்பது ஆதாரமாகாது. முதலில் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள், பின்னர் விலை பேசுங்கள்.

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை பகுதிகளில் மாடிக் குடியிருப்பு வாங்குவோரின் நிலை வேறு. அங்கு காணிச் சண்டை குறைவு. ஆனால் கட்டி முடியுமுன்னரே தவணை முறையில் பணம் கட்டுவதால் ஆபத்து அதிகம். ஒரு தனி வீட்டுக்குரிய உறுதி கிடைக்க வேண்டுமாயின், கட்டடம் முடிந்து, உள்ளூராட்சி மன்றத்தின் இணக்கச் சான்றிதழ் பெறப்பட்டு, கூட்டாதன வரைபடம் பதியப்பட வேண்டும். இதற்கான சட்டம் 1973 இலிருந்து உள்ளது. இவை நடைபெறாமல் குடியமர்ந்து, வருடக்கணக்காக வெறும் உடன்படிக்கையுடன் வாழ்பவர்கள் உள்ளனர். அவர்களால் வீட்டை ஒழுங்காக விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. நிர்மாணிப்பவர் அக்காணியை வங்கியில் ஈடு வைத்துள்ளாரா, உங்கள் வீட்டை அந்த ஈட்டிலிருந்து விடுவிக்க வங்கி எழுத்து மூலம் உடன்பட்டுள்ளதா என்பதை முதல் தவணைக்கு முன்னரே கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் எத்தனை மாடிகள், கட்டப்படுவது எத்தனை மாடிகள் என்றும் எண்ணிப் பாருங்கள். வாகனத் தரிப்பிடம் உறுதியில் சேருமா, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, விலையில் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பவற்றையும் எழுத்தில் பெறுவது அவசியம்.

பணத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். வீட்டின் விலை மட்டுமே செலவு அல்ல. முத்திரை வரி முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் ஆகும். ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு இது 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாவாகின்றது. நொத்தாரிசு கட்டணம், நில அளவைக் கட்டணம், தரகு ஆகியன வேறு. இந்த வரியைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இது சட்டவிரோதமானது என்பதோடு அறிவீனமானதும் ஆகும். நாளை உரித்தில் குறை காணப்பட்டு பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய தொகைக்கே ஆதாரம் இருக்கும்.

கடன் எடுப்போர் வட்டி நிலையானதா, மாறும் தன்மையதா என்பதை அறியாமல் கையொப்பமிடக் கூடாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்குக் கடன் பெற்றிருந்த குடும்பங்கள் திகைத்துப் போயின. கணக்கைப் பாருங்கள். ஒரு கோடி ரூபாவை 20 வருடத்தில் அடைப்பதாயின், 10 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 96,500 ரூபா. அதே கடனுக்கு வட்டி 20 சதவீதமானால் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு, 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதன் பின்னர் இஸ்லாமிய வங்கி முறையிலான வீட்டு வசதிகளும் கிடைக்கின்றன. 'குறைந்து செல்லும் முஷாரகா' எனும் முறையில் வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்கை வாடிக்கையாளர் சிறிது சிறிதாக வாங்கிக் கொள்கின்றார். அதிலும் வாடகைத் தொகை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்படலாம் என்பதால் அந்நிபந்தனையை வாசிக்காமல் விடலாகாது.

காணியின் அளவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. யாழ்ப்பாணத்தில் வளவுக் காணியின் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற் காணியை அளக்கும் பரப்பு இதனிலும் சிறியது. வயலாக இருந்த காணியைப் பிரித்து வீட்டுக் காணியாக விற்கும்போது இந்த வேறுபாட்டில் ஏமாறுவோர் உண்டு. உறுதியில் எழுதியுள்ள அளவை நம்பாமல், உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக் கற்களை நேரில் பார்த்துக் கொள்வது நல்லது. பாதை உரிமை உறுதியில் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மலையகத்தில் வாங்குவோர் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஏற்படுத்திய அழிவுக்குப் பின்னர் இதை நாம் விளக்கத் தேவையில்லை.

வாங்கியாயிற்று, குடிபுகுந்தாயிற்று. அடுத்தது என்ன? உறுதி பதியப்படும் வரை வேலை முடியவில்லை. பதிவில் முந்தியவருக்குச் சட்டம் முன்னுரிமை அளிப்பதால், இன்று எழுதிய உறுதியைப் பதியாமல் அலுமாரியில் வைத்திருந்தால், அதே விற்பனையாளரிடமிருந்து நாளை வாங்கிப் பதிந்தவர் முந்திவிடலாம். சில வாரங்களின் பின்னர் பதிவகத்தில் சாற்றுப் பிரதி ஒன்றைப் பெற்று, உங்கள் பெயர் சரியாக ஏறியுள்ளதா எனப் பாருங்கள். அதனுடன் சென்று மாநகர சபை அல்லது பிரதேச சபையின் சோலைவரிப் பதிவேட்டிலும் மின்சார, நீர்க் கணக்குகளிலும் பெயரை மாற்றிக் கொள்ளுங்கள். பழைய சொந்தக்காரர் விட்டுச் சென்ற சோலைவரி நிலுவை வீட்டைத் தொடரும் என்பதால் அதைக் கொடுக்கல் வாங்கலின் போதே தீர்த்திருக்க வேண்டும்.

புது வீட்டில் முதல் வருடமே சுவரை உடைத்து அறை கட்டும் ஆசையைச் சற்று ஒத்தி வைப்பது நல்லது. ஒரு மாரி காலம் கழியட்டும். எங்கே ஒழுகுகின்றது, முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கின்றது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகின்றது என்பதை மழையே காட்டித் தந்துவிடும். கையிலுள்ள பணத்தை முதலில் மின் இணைப்புகளைச் சோதிப்பதற்கும், ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கின்றதா எனப் பார்ப்பதற்கும், கூரை மரங்களில் கறையான் உள்ளதா என அறிவதற்கும் செலவிடுங்கள்.

கிணறு உள்ள வீடாயின் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது வழமையாகச் சொல்லப்படும் அளவு. யாழ். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாதலால், பாறை வெடிப்புகளின் ஊடாகக் கழிவு நீர் விரைவாகக் கிணற்றை அடைகின்றது. அந்த 50 அடியும் அங்கு போதாமற் போகலாம். இரண்டு பரப்புக் காணிகளில் உங்கள் குழி மட்டுமன்றி வேலிக்கு அப்பாலுள்ள அயலவரின் குழியும் கணக்கில் வரும். நீர் தெளிவாகவும் இனிப்பாகவும் இருப்பது சுத்தத்துக்கு அத்தாட்சியல்ல. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரியைக் கொடுத்து, கிருமிகளுக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதிக்கச் செய்யலாம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதைப் பின்போடக் கூடாது.

இடப்பெயர்வின் போது உறுதிகளைத் தொலைத்த அனுபவம் எமது மக்களுக்கு நிறையவே உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. இன்னொன்று நொத்தாரிசிடம் இருக்கின்றது. எனவே மூலம் தொலைந்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். ஆனால் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால்தான் தேடுவது இலகு. அவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வீட்டில் ஒருவருக்கு மட்டுமன்றி இருவருக்காவது தெரியும்படி வையுங்கள்.